நாற்பத்தொன்று கலிபரில் ஒரு சீழ்க்கை

"சார், டெரிஞ்சருக்கு எந்த காலிபர் பெஸ்ட்?" என்று கார்த்திக் கேட்டபோது என் வாயில் பாதி உளுந்துவடை இருந்தது. எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில், சனிக்கிழமைப் பின்னேரம், நாலு பக்கமும் யாழ்ப்பாணத்துக் காதுகள் நிறைந்த தேநீர்க்கடையில், இப்படியொரு கேள்வியை யாரும் உரத்துக் கேட்பதில்லை. பக்கத்து மேசையில் லொத்தர்ச் சீட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

கார்த்திக் சென்னைப் பொடியன். கணினிக் கம்பனியில் வேலை. எங்கள் கட்டடத்தில் மேல்மாடி. ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஏதோ கணினி விளையாட்டுத் தயாரிக்கிறானாம்.

"கதைல ஒரு வில்லி இருக்கா சார். ஹேண்ட்பேக்ல குட்டியா ஒரு கன். நெட்ல பாத்தா இருபத்திரண்டுங்கறான், நாற்பத்தொண்ணுங்கறான். ஒரு பேரல், ரெண்டு பேரல், நாலு பேரல். தலை சுத்துது. ஆன்ட்டிதான் சொன்னாங்க, நீங்க அந்த லைன்லதான் இருந்தீங்கன்னு."

ஆன்ட்டி என்பது என் மனைவி கமலி. நான் வேலை செய்த காலம் முழுவதும் காப்பாற்றிய இரகசியத்தை, நான் ஓய்வு பெற்ற கையோடு மின்தூக்கியில் வைத்து மேல்மாடிப் பொடியனிடம் கொடுத்துவிட்டாள்.

"இருபத்திரண்டு போடு தம்பி. இரட்டைக் குழல். மெல்லிசாய் இருக்கும், கைப்பைக்கு வடிவு" என்று தணிந்த குரலில் சொல்லி பிளேன்ரீயைக் குடித்தேன். அது சரியான பதில் அல்ல. கடைக்கு ஏற்ற பதில். சொல்லாமல் விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன். கார்த்திக்குக்குத் தமிழ் வாசிக்க நேரம் இருக்குமோ தெரியாது.

டெரிஞ்சர் என்பது உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்ளக்கூடிய கைத்துப்பாக்கி. அதற்குச் சுழலும் உருளை கிடையாது. எத்தனை குழலோ அத்தனை தோட்டா. ஒற்றைக் குழல் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குழல் உண்டு. நாலு குழல்களை ஒரே கட்டியாக வைத்தவையும் உண்டு, அவை பார்ப்பதற்கு மேசை உப்புப்போத்தல் மாதிரி இருக்கும். கலிபர் என்பது குழலின் உள் அகலம், அங்குலத்தை நூறாகப் பிரித்த கணக்கில். இருபத்திரண்டு என்றால் பென்சிலைவிட மெல்லியது. நாற்பத்தொன்று என்றால் சின்னப் பிள்ளையின் சுண்டுவிரல் போகும். அந்தக் காலத்து நாற்பத்தொன்று மிகவும் சோம்பேறித் தோட்டா. உடம்பு தடிப்பு, குழல் குட்டை, ஓடிப் பழக இடமில்லை. தூரத்து மரத்தில் பட்டால் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் என்று எங்கள் பட்டறையில் சொல்வார்கள். சூதாட்ட மேசைக்குக் குறுக்கே மட்டும்தான் அதற்கு ஏதாவது மரியாதை.

எங்கள் பட்டறை என்று எழுதும்போது இன்னமும் நெஞ்சில் ஏதோ செய்கிறது. என்னவென்று வைத்தியரிடம் கேட்டேன். வாயு என்றார்.

*

நான் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன். அகதி விண்ணப்ப விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் மூலம் அதைத்தான் சொன்னேன்: ஐயா, துவக்கைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும். அதிகாரி நம்பினார், விசா தந்தார். பிறகு உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு ஒருநாள் தற்காலிக வேலை தேடித்தரும் கந்தோரில், ஊரில் கொஞ்சக் காலம் கடைசல் யந்திரம் பழகியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை அனுப்பிய இடம் ஒபர்வில்லியேயில், மொத்தவியாபாரக் களஞ்சியங்களுக்குப் பின்னால், கல் பதித்த நீண்ட முற்றத்தின் கோடியில் இருந்த பழைய ஆயுதங்கள் திருத்தும் பட்டறை. மேசையில் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவை பதினேழு விதமான கைத்துவக்குகள். ஓடியிருக்க வேண்டும். அன்று மழை. உள்ளே சூடேற்றி இருந்தது. நின்றுவிட்டேன்.

பழகியதெல்லாம் சுருக்கமாகச் சொல்லலாம்: முதலில் இரும்புத் தூள் கூட்டினேன், பிறகு துரு எடுத்தேன், பிறகு ஆணி கடைந்தேன், பிறகு அளந்தேன். அளக்கும் வேலைக்கு வந்தபோது என் தலைமுடி பாதி போயிருந்தது.

ஆனால் இந்த வேலையை லா ஷப்பலில் சொல்ல முடியுமா? எங்கள் சனத்தில் ஒருவன் துவக்குப் பட்டறையில் வேலை என்று சொன்னால் அது அடுத்த தெருவுக்குப் போவதற்குள் நான் ஏதோ இயக்கத்துக்கு ஆயுதம் அனுப்புகிறவனாகிவிடுவேன். அதனால் 'மணிக்கூடு திருத்துற இடம்' என்று சொன்னேன். பலன், கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஓடாத கைக்கடிகாரங்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றை மார்க்ஸ் டோர்மோய் தெருவில் உண்மையான மணிக்கூட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, என் கைவேலை என்று திருப்பிக் கொடுத்தேன். ஊரெல்லாம் எனக்கு நல்ல பெயர்.

கலியாணம் பேசியபோது கமலியின் தமையன், "மாப்பிளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். தரகர், "நகை வேலை மாதிரி, சரியான நுணுக்கம்" என்றார். முதல் மாதத்திலேயே என் சட்டையை மணந்து பார்த்துக் கமலி கண்டுபிடித்துவிட்டாள்.

"மணிக்கூட்டுக்கு இவ்வளவு எண்ணெயோ?"

சொன்னேன். அவள் சிரித்து முடிக்கக் கன நேரம் எடுத்தது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்து துவக்குக்கே எண்ணெய் போடுற மனிசன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

*

பட்டறையின் பத்திரோன், அதாவது முதலாளி, ஒரு பெண். மதாம் பெரோ. மெலிந்த, நெடிய மனுஷி. சாம்பல் நிற மேலங்கி. பார்க்க ஒரு பள்ளிக்கூட அதிபர் போலிருப்பார். எல்லாரையும் நீங்கள் என்றுதான் அழைப்பார். துவக்குகளையும்கூட. "நீங்கள் மிகவும் மோசமாக நடத்தப்பட்டிருக்கிறீர்கள்" என்று துருப்பிடித்த குழல் ஒன்றிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் அப்படி அனுதாபமாகப் பேசியதில்லை.

ஒரு பொருள் வந்தால் அவருடைய முறை இது. பச்சைத் துணியில் வைப்பார், குழல் வாய் மணல் மூட்டைச் சுவரைப் பார்த்தபடி. தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு கொண்டுவந்தவரைப் பார்த்துக் கேட்பார்: "இதிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" பலர் திணறுவார்கள். என்ன விலை போகும் என்று கேட்க வந்தவர்கள் அதைக் கேட்க வெட்கப்படுவார்கள். பதில் வந்த பிறகுதான் திறப்பார். உள்ளே பார்த்து "காலி" என்பார். என்னிடம் நீட்டுவார். நானும் பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதை நம்பி நான் சொல்லக் கூடாது. ஒருமுறை பார்க்காமல் சொன்னேன் என்று நினைத்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். உண்மையில் நான் பார்த்திருந்தேன், வேகமாகப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்தது அளவு. மரப்பெட்டியில் பித்தளை அளவுக் கம்பிகள், ஒன்றைவிட ஒன்று மயிரிழை தடிப்பாக. குழலை நிமிர்த்தி வைத்துக் கம்பியை விட வேண்டும். "அது தன் சொந்தப் பாரத்தில் இறங்க வேண்டும். நீங்கள் தள்ளினால் அது அளவு இல்லை, உங்கள் விருப்பம்" என்பார். அப்படி இறங்கும் கம்பி ஒரு மெல்லிய பெருமூச்சு விடும். காற்று வெளியேறும் சத்தம்தான். இப்போதும் சில காலைகளில் தேநீர்க் கோப்பைக்குள் கரண்டியை விட்டு அந்தச் சத்தம் வருகிறதா என்று கேட்கிறேன். கமலி அதை வேறு கண்ணோடு பார்க்கிறாள்.

நல்ல வேலைக்கு அவர் தரும் மிக உயர்ந்த விருது "மோசமில்லை" என்ற ஒரு சொல். அதை நான் எத்தனை முறை வாங்கினேன் என்பதை விரலில் எண்ணலாம், விரல் மிஞ்சும்.

ஒரு நாள் விலையுயர்ந்த மேலங்கி போட்ட ஒருவர் ஓர் இரட்டைக் குழல் டெரிஞ்சரோடு வந்தார். அழகான பொருள், யானைத்தந்தப் பிடி. வழக்கமான கேள்விக்கு அவர் திணறவில்லை. "இது நாற்பத்தொன்று. தோட்டா எங்கும் கிடைக்காது. குழலை மாற்றி இன்றைய தோட்டாவுக்கு ஏற்ற மாதிரிச் செய்து தாருங்கள்" என்றார். மதாம் பெரோ, இந்த இரும்பு அந்த அமுக்கத்துக்குப் பிறந்ததல்ல, சட்டமும் விடாது என்றார். வந்தவர் சிரித்தபடி தொகையை உயர்த்தினார். மதாம் பெரோ டெரிஞ்சரைப் பச்சைத் துணியோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதற்கு நூறு வயதுக்கு மேல், முசியே. உங்கள் அவசரத்தை இதன்மேல் போடாதீர்கள்."

அவர் முற்றத்தைக் கடந்து போகும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, மதாம் பெரோ போய்க் கை கழுவினார். எனக்குப் பத்திரோன்மேல் பக்தி வந்தது அன்றைக்குத்தான். நான் பயந்து ஓடி வந்த பொருளுக்கும் இந்த மேசையில் கிடந்ததற்கும் நடுவில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது.

*

வீட்டில் கிடக்கும் பழைய ஆயுதங்களைக் கொண்டுவந்து பதியுங்கள் அல்லது கையளியுங்கள் என்று அரசாங்கம் அறிவித்த காலம். முற்றத்தில் வரிசை. பாட்டன்மாரின் போர்த் துவக்குகள், பரணில் கிடந்த வேட்டைத் துவக்குகள். அந்த வரிசையில் ஒருநாள், சாமான் வாங்கும் இழுவைப் பை ஒன்று வந்தது. மேலே முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, சேலைக்கு மேல் குளிர் அங்கி.

"மன்னிக்கணும், லா ஷப்பல்ல இறங்கி மார்ஷேல காய்கறி வாங்கிட்டு வந்தேன்" என்று பிரெஞ்சில் மதாம் பெரோவிடம் சொல்லிவிட்டு, கறிவேப்பிலைக் கட்டுக்குள் கைவிட்டு ஒரு குழந்தைக் காலுறையை எடுத்தார். அதற்குள் இருந்தது துவக்கு.

என்னைப் பார்த்தார். "தமிழா?"

"ஓம்."

"யாழ்ப்பாணமா. நீங்க ஆமான்னு சொன்னாலே பூசைல மந்திரம் சொல்ற மாதிரி இருக்கு."

அவர் பெயர் ஃபெலிசிதே. புதுச்சேரிக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது சைகோனில், இப்போது வில்லியே லே பெல்லில் ஒரு மாடிக் குடியிருப்பு. ஆயுதம் பதிகிற இடத்தில், நிபுணர் ஒருவர் இது பழங்காலப் பொருள் என்று எழுதித் தந்தால் வீட்டில் வைத்திருக்கலாம், இல்லையென்றால் நசுக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

மதாம் பெரோ துணியில் வைத்தார். கையைக் கட்டினார். "இதிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள், மதாம்?"

"ஊதணும்" என்றார் ஃபெலிசிதே அம்மா, சுத்தமான பிரெஞ்சில்.

மதாம் பெரோவின் புருவம் உயர்ந்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

மதாமிடம் பிரெஞ்சிலும் என்னிடம் தமிழிலுமாக மாறி மாறி அவர் சொன்ன கதை இதுதான். அவருடைய அப்பா சைகோன் சந்தையில் கடை வாடகை வசூலிக்கிற உத்தியோகத்தர். பணப் பைக்குப் பாதுகாப்பாக இந்த டெரிஞ்சரை வைத்திருந்தார்.

"ஒரு தோட்டா வாங்கினதில்ல எங்க அப்பா. தோட்டா விலைக்கு மீன் வாங்கலாம்பாரு."

பின்னேரம் வீட்டுக்கு வந்து, சந்து முனையில் நின்று, இரண்டு குழல் வாயையும் கீழுதட்டில் வைத்து ஊதுவாராம். வெறும் போத்தல் வாயில் ஊதினால் வருமே, அதுபோல. மற்றப் பிள்ளைகளை அம்மாமார் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவார்கள். இவருக்கு மட்டும் இந்தச் சீழ்க்கை. ஒரு குழலுக்கு ஒரு குரல், இரண்டும் சேர்ந்து வரும்.

"அந்த ஊர விட்டு வந்தப்ப கட்டில், அலமாரி, கிராமபோன், எல்லாம் அங்கியே போச்சு. அப்பாவும் அங்கியே. இது மட்டும் என் சட்டைக்குள்ள வந்துச்சு. அப்புறம் கல்யாணம். எங்க வீட்டுக்காரரு மிலித்தேர், பட்டாளத்துக்காரரு. ரெஜிமெண்ட்ல யாரோ சிநேகிதன்கிட்ட குடுத்து, சின்ன தோட்டா போடற மாதிரி உள்ள ஏதோ குழாய் சொருகிட்டு வந்தாரு, தகர டப்பா சுடறதுக்கு. எனக்கு ஆசையா செஞ்சாராம். அன்னைலேர்ந்து அது ஊதல தம்பி. பாம்பு மாதிரி சீறுது."

திறந்தோம். காலி என்றார் மதாம் பெரோ. காலி என்றேன் நான், மெதுவாகப் பார்த்து. லியேஜ் நகரத்தில் செய்த பெல்ஜிய நகல், இரட்டைக் குழல். ஒவ்வொரு குழல் வாய்க்குள்ளும் இன்னொரு மெல்லிய வளையம் தெரிந்தது, பல்லுக்குள் பல் முளைத்த மாதிரி. உட்குழல்கள். அளவுக் கம்பி இருபத்திரண்டில் நின்றது. கடையில் கிடைக்கும் இன்றைய தோட்டா போகும்.

விஷயம் இதனால்தான் சிக்கல். பழைய மாதிரியாகவே இருந்தால் எவரும் வைத்திருக்கலாம். இன்றைய தோட்டாவுக்கு மாற்றியிருந்தால் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. மதாம் பெரோ தனக்கே உரிய முறையில், எதையும் இனிப்புப் பூசாமல், வழிகளைச் சொன்னார். ஒன்று, கையளிப்பது. இரண்டு, செயலிழக்கச் செய்வது: குழலைக் குறுக்கே துளைத்து ஆணி அடைப்பார்கள், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம், ஆனால் பிறகு அதற்குள் காற்று நிற்காது. மூன்றாவது சுலபமானது. எங்கள் இழுப்பறையில் இதே மாதிரி ஒன்றின் குழல் கட்டி இருந்தது, அசல் நாற்பத்தொன்று, கெடுதல் இல்லை. ஒரு பின்னேரத்தில் மாற்றிவிடலாம். ஆபத்தே இல்லை. சீழ்க்கையும் வரும்.

ஃபெலிசிதே அம்மா தலையாட்டினார், வேண்டாம் என்று.

"வேற குழல்ல யாரு கூப்பிடுவா?"

இதை அவர் தமிழில்தான் சொன்னார். மதாம் பெரோ என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். விசாரணைக் காலத்தில் என் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் கஷ்டம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

கடைசி வழி, உட்குழல்களை வெளியே எடுப்பது. அசல் சுவர் சேதப்படாமல் இருந்தால், பழைய அளவும் லியேஜ் சோதனை முத்திரையும் தெரிந்தால், மதாம் பெரோ கையெழுத்துப் போடுவார். ஆனால் இந்த மாதிரித் துவக்குகளின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. குழல் கட்டி மேல்நோக்கித் திறக்கும், அதைத் தாங்கும் கீல் போன்ற பிணைச்சலின் காதுகள் மெல்லியவை, கொஞ்சம் பலமாக அழுத்தினாலும் வெடித்துப் பிளக்கும். குழல் சுவரும் எவ்வளவு அரித்திருக்கிறது என்று எடுத்துப் பார்க்காமல் தெரியாது. வெடித்தால் சீழ்க்கையும் இல்லை, அசல் துவக்கும் இல்லை.

மதாம் பெரோ பற்றுச்சீட்டு எழுத உள்ளே போனபோது அந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, ஒடைஞ்சிருமா?"

"உடையக்கூடும், அம்மா."

"ஒரு பொய் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"இவ்வளவு வருஷமும் என்ரை சனத்துக்குச் சொன்னதெல்லாம் பொய்தான். இஞ்சை மட்டும் வருகுதில்லை."

அவர் ஒரு முருங்கைக்காயை உருவி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கூலியா இலஞ்சமா என்று இன்றைக்கும் தெரியாது. கமலி குழம்பு வைத்தாள்.

*

முதலில் பிணைச்சல் ஆணியைக் கழற்றி, குழல் கட்டியைத் தனியாக எடுத்தோம். காதுகளில் பாரம் வரக் கூடாது. வளையத்தின் ஓரத்தை மதாம் பெரோ ஊசியால் சுரண்டினார். வெள்ளையாக வந்தது. ஈயப் பற்று. நல்லது, அதிகம் சூடு தேவையில்லை. உட்குழல் சொருகிய ரெஜிமெண்ட் சிநேகிதர் நல்ல தச்சராக இருந்திருக்கலாம், இரும்பு வேலைக்காரர் இல்லை என்பது மதாமின் அபிப்பிராயம்.

மேல் குழலின் பற்று இலேசாகச் சூடு காட்டியதும் இளகியது. பித்தளைக் கம்பியால் தொட்டேன், உட்குழல் வெண்ணெயில் இருந்து வருவது மாதிரி வந்தது. எனக்கு உசார் வந்து கை துணிந்துவிட்டது. கீழ்க்குழலையும் அப்படியே தொட்டேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தொட்டேன்.

"நிறுத்துங்கள்" என்றார் மதாம் பெரோ.

உருப்பெருக்கியில் பார்த்தால், ராணுவச் சிநேகிதர் கீழ்க்குழலுக்குப் பற்றுப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, வாயைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி நசுக்கி இறுக்கியிருந்தார். அன்பின் வேகத்தில் அடித்த அடி. அதைத் தள்ளினால் அசல் சுவரைக் கிழித்துக்கொண்டுதான் வரும்.

அதற்குப் பிறகு நடந்தது வேலை என்றே சொல்ல முடியாது, காத்திருப்பு. எண்ணெயில் ஊற வைத்தோம். காலையில் எடுத்து, மதாம் பெரோ நசுங்கிய இடத்தை ஒரு மயிரளவு சுரண்டுவார். துடைத்து மறுபடி எண்ணெயில் வைப்பார். மற்ற வேலைகளுக்குக் கை கொடுத்தாலும் என் கண் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது. ஃபெலிசிதே அம்மா தொலைபேசியில் கூப்பிடுவார். துவக்கைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார்.

"லா ஷப்பல்ல கத்திரிக்கா என்ன விலை போவுது தம்பி?"

"நான் இப்ப ஒபர்வில்லியேயிலை நிக்கிறன், அம்மா."

"ஓ. அப்போ இன்னும் வேலை முடியலியா?"

"இன்னும் இல்லை."

"சரி. கத்திரிக்காய்க்குத்தான் கேட்டேன்."

நான் எந்தப் பொருளும் எடுத்துக்கொண்டு வராதவன். வந்த அவசரத்தில் என் பையில் இருந்தது ஒரு ரவுசரும் யாரோ ஒருவரின் ஆங்கில அகராதியும். யாராவது என்னைக் கூப்பிட்ட சத்தம் என்று எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டில் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ஒருமுறை செருமுவார், நாங்கள் பாய்ந்து போய் நிற்போம். செருமலை எந்தக் குழலில் போட்டு எடுத்துவருவது? ஆனாலும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு அந்தச் சீழ்க்கை தேவைப்பட்டது. அந்த அம்மாவுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, மதாம் பெரோ கம்பியை வைத்து விரலால் தட்டினார், தள்ளவில்லை, தட்டினார். உட்குழல் ஒரு முனகலோடு நகர்ந்தது. இன்னொரு தட்டு. வெளியே வந்து துணியில் உருண்டது.

சுவர் முழுசாக இருந்தது. கீழ்க்குழலில் துரு அரித்த குழிகள், ஆனால் வெடிப்பு இல்லை. நாற்பத்தொன்றுக்கான கம்பியை எடுத்து நிமிர்த்தி வைத்துக் கையை விட்டேன். அது தன் பாரத்தில், அந்தப் பெருமூச்சோடு இறங்கியது. முத்திரையும் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரிந்தது. மதாம் பெரோ என்னை நிமிர்ந்து பார்த்து, "மோசமில்லை" என்றார். வேலை செய்தது அவர். விருது எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

*

அந்தப் பட்டறை இப்போது இல்லை. மதாம் பெரோ கடலோரம் தங்கையோடு போய்விட்டார். முற்றத்துக் கோடியில் பொதி விநியோகக் கம்பனி ஒன்று. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, ஏதோ பொதி எடுக்க வந்தவன் போல உள்ளே நுழைந்து, என் மேசை இருந்த இடத்தில் நின்றேன். "இலக்கம் என்ன முசியே?" என்று கேட்டார்கள். இலக்கம் இல்லை என்று வந்துவிட்டேன். வீட்டில் எல்லாக் கதவுப் பிணைச்சல்களுக்கும் எண்ணெய் போட்டு முடித்தாகிவிட்டது. கமலி இப்போது சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்று என்னைத் திடுக்கிட வைக்கிறாள். அந்த முற்றத்தை நினைத்தால் எனக்கு வருவது ஒரே ஒரு பின்னேரம்தான்.

ஃபெலிசிதே அம்மா அன்று மழையங்கியோடு வந்தார், இழுவைப் பை இல்லாமல். சான்றிதழை வாசிக்காமல் மடித்து வைத்தார். டெரிஞ்சரை எடுத்து, கீழுதட்டில் வைத்து ஊதினார். காற்றுத்தான் வந்தது. திரும்ப ஊதினார். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு ஊதிப் பார்த்தார். மூச்சுப் போதவில்லை.

"எனக்கு வரல" என்றார். சிரிக்கப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீங்க ஊதுங்க. எப்படியும் அத நான் ஊதக் கூடாது. நான் கேக்கணும்."

துவக்கின் வாயை முகத்துக்கு நேரே பிடிப்பது எங்கள் பட்டறையில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நான் மதாம் பெரோவைப் பார்த்தேன். அவர் வாங்கித் திறந்து, காலி என்றார். நானும் காலி என்றேன். இன்னொரு முறை பார்த்தார். மூடி என் கையில் தந்தார்.

ஃபெலிசிதே அம்மா முற்றத்தில் இறங்கி நடந்தார். மற்றக் கோடி வரைக்கும், களஞ்சியக்காரர்கள் பலகைத் தட்டுகளை அடுக்கும் இடம் வரைக்கும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வாசலில் நின்று உதட்டை நனைத்து ஊதினேன். சீறியது. சாய்வைக் கொஞ்சம் மாற்றி ஊதினேன். வந்தது. சுருதி உயரம், ஆனால் உருண்டையான குரல். அடுத்த குழலும் சேர்ந்தபோது, அதில் துரு அரித்திருந்ததால் அது இதைவிட நூலளவு தள்ளி நின்றது, இரண்டும் உரசி நடுங்கின. பலகை அடுக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா திரும்பவில்லை.

கேட்கவில்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கேட்டு, இது அதுவல்ல என்று நிற்கிறாரோ. நான் முற்றத்தில் பாதி தூரம் போனேன்.

"அம்மா, கேட்டதோ?"

"கேட்டுச்சு." முதுகுதான் பேசியது. குரல் நனைந்திருந்தது.

"அதுதானோ?"

"அதேதான்."

"பிறகேன் வரேல்லை?"

"அப்பா ஒரு வாட்டி கூப்பிட்டு நான் எப்ப தம்பி வந்திருக்கேன்? போய் ஊதுங்க."

திரும்பி வந்து ஊதினேன். அவர் அசையவில்லை. மதாம் பெரோ கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

"ஊதிக்கொண்டே இருங்கள்" என்றார். "இன்றைக்கு எங்களுக்கு வேறு அவசர வேலை இல்லை."